மூதூருக்குக் கேட்காத பெட்டி

ஒரு மின்சார பல்ப்போடு கதைப்பதற்கு எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது. அனுமதியைத் தந்தவர் சித்தப்பா. இந்த விசயத்தில் அப்பாவிடம் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் முதலில் ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லியிருப்பார். அவர் சுங்கக் கந்தோரில் கிளாக்கர்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. துறைமுக வேலைத்தளத்தில் மின்சார வேலை பார்த்தார். கல்யாணம் கட்டாதவர், எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். அந்த அறைக்குள் ஒரு கட்டில் இருந்தது என்று சொன்னால் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது ஏலத்தில் விட்ட பழைய சாமான்களில் பாதி அந்தக் கட்டிலின் மேலும் மீதி அதன் கீழும் கிடந்தன. கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் எடுத்து, தன் கையால் செய்த வானொலிப் பெட்டியால் தூரத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கதைப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. இப்படிக் கதைத்து என்ன கிடைக்கும் என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"கதைக்கலாம், அண்ணி" என்றார் சித்தப்பா.

தூரத்து ஆட்கள் என்று சொன்னாலும் அவர் அதிகமாகக் கதைத்தது மூதூரோடுதான். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது மூதூர். காலையில் மோட்டார் படகான லோஞ்சில் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் போய் இறங்கிவிடலாம். அங்கே தபால் கந்தோரில் தந்தி வேலை செய்த ஒருவரிடமும் லைசென்ஸ் இருந்தது. முஸ்லிம் ஆட்கள் தங்கள் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி சித்தப்பா அவரை நானா என்பார். எனக்கு அவர் தந்தி மாமா. பென்சனுக்கு இன்னும் சில வருசங்கள் இருந்தவர். வீட்டில் இரண்டு குமர்ப் பிள்ளைகள். மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பதற்காக வீட்டோடு ஒட்டி இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பி, கூரை எழும்பாமல் நின்றது அது.

இருவரும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தந்தி பாசையில் கதைத்து வந்தவர்கள். கட்டையும் நெட்டையுமாக 'டிக் டிக்' என்று தட்டி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, சொல்லாக்கி, வசனமாக்கி, ஒரு சுகம் விசாரித்து முடிவதற்குள் என் பாணும் சம்பலும் முடிந்துவிடும். சித்தப்பாவுக்கு அது அலுத்துப்போயிற்று. மனுசர் மாதிரி வாயால் கதைக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு மாரி முழுவதும் அதற்கடுத்த கோடை முழுவதும் அவர் அதற்காகவே உயிர் வாழ்ந்தார் என்று சொல்லலாம். கப்பல்களில் போகிற சிநேகிதர்கள் சிங்கப்பூரில் இருந்து வால்வுகள் கொண்டுவந்து கொடுத்தார்கள். தகரத்தை வெட்டி, துளைத்து, ஈயம் பற்றவைத்து, கடைசியில் இரண்டு இறாத்தல் பாண்களை அடுக்கிவைத்த அளவில் ஒரு பெட்டி செய்தார். அதில் குரலை அனுப்பவும் முடியும், வருகிற குரலைக் கேட்கவும் முடியும். முதல் நாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதைத்தார். மூதூரிலிருந்து, "தம்பி, பக்கத்துக் கதிரையில இரிந்து கதைக்கிற மாதிரி இரிக்கி" என்று பதில் வந்தது. சித்தப்பா எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அந்தச் சந்தோசம் சில மாதங்கள்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தி மாமா, "தம்பி, இண்டைக்கு உங்கட சத்தம் கொஞ்சம் குறைவு" என்றார். அடுத்த கிழமை, "கிணத்துக்குள்ளால வாற மாதிரி இரிக்கி" என்றார். அதற்கடுத்த கிழமை சித்தப்பா, "அங்க மழையா நானா?" என்று கேட்டதற்கு, "ஓம் ஓம், கிழமை முழுக்க வேலைதான்" என்று பதில் வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. மழை என்ற சொல் வேலை என்று கேட்கிற அளவுக்குத் தன் பெட்டியின் பலம் குறைந்துபோயிற்று என்று அவர் நினைத்தார்.

அன்றைக்குத் தொடங்கியது பெட்டிக்கு வைத்தியம்.

முதலில் வீட்டு மின்சாரத்தைச் சந்தேகித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரெல்லாம் உடுப்புக்கு ஸ்திரிக்கைப் பெட்டி போடுவதால் மின்சாரம் இளைத்து வருகிறதோ என்று அளந்து பார்த்தார். அது கொழுத்துத்தான் இருந்தது. பிறகுதான் பல்ப் வந்தது. பெட்டியில் இருந்து கூரைக்குப் போகிற கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பல்ப்பை மாட்டினார். வானத்துக்குப் போகவேண்டிய பலம் முழுவதும் அதற்குள் போய் அதை எரிய வைக்கும். பிரகாசமாக எரிந்தால் பெட்டிக்குச் சுகம். மங்கினால் பெட்டிக்கு வருத்தம். மைக்கில் கதைத்தால் வெளிச்சம் இன்னும் ஒரு படி ஏறும்.

"பிள்ளை, நீ கதை. நான் உள்ளுக்குத் திருகிப் பாக்கிறன்."

"எனக்கு லைசென்ஸ் இல்லையே, சித்தப்பா?"

"வானத்தோட கதைக்கத்தான் லைசென்ஸ் வேணும். பல்ப்போட கதைக்க வேண்டாம்."

ஆகவே நான் கதைத்தேன். வாய்ப்பாடு சொன்னேன், தேவாரம் சொன்னேன், வகுப்பில் என்னோடு சண்டை போட்டவள் எப்படிப்பட்டவள் என்று சொன்னேன். பல்ப் ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணைச் சிமிட்டி, 'ஓம் ஓம்' என்பதுபோல எரிந்தது. பெரியவர்களில் ஒருவர்கூட என் கதையை அவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை. பெட்டிக்குச் சுகம் இல்லை என்பதை நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. ஆனாலும் கடைசி வால்வைக் கழற்றிப் புதியதைப் போட்டார். பல்ப் அதே மாதிரி எரிந்தது. மூதூரில் இருந்து, "இன்னும் குறைஞ்சிட்டு" என்று வந்தது. கூரையில் இருந்து முற்றத்து வேம்புக்குக் கட்டியிருந்த கம்பியை இறக்கினார். கடற்காற்று பட்டு மூட்டுக்களில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அதைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பல்ப்பிலும் கண்டதில்லை. ஒரு பகல் முழுவதும் நானும் அவரும் கத்தி முனையால் களிம்பைச் சுரண்டினோம். பக்கத்தில் ஓடுகிறது என்ற குற்றத்துக்காக அம்மாவின் உடுப்புக் காயப்போடுகிற கம்பியும் இடம் மாற்றப்பட்டது. அதற்குப் பழியாக அம்மா சித்தப்பாவின் சாரங்களை மட்டும் தோய்க்காமல் விட்டார்.

அடுத்த ஞாயிறு மூதூர் சொன்னது: "தம்பி, கோவிக்கப்படா. போன கிழமையவிட மோசம்."

இதற்கிடையில் பக்கத்து வீட்டு ஆசிரியை அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்து அப்பாவிடம் முறையிட்டார். காலையில் ரேடியோவில் பக்திப் பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் நடுவில் சித்தப்பாவின் குரல் வந்து, நானா நானா என்று கூப்பிடுகிறதாம். முந்தியும் வந்ததுதான், இப்போது பாட்டே கேட்பதில்லையாம். பெட்டிக்குப் பலம் கூடியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் சித்தப்பா அதைச் சாட்சியாக எடுக்கவில்லை, முறைப்பாடாகத்தான் எடுத்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த இன்னொரு லைசென்ஸ்காரர், "உங்கட குரல் மணி மாதிரி" என்று சொன்னதையும் அவர் ஏற்கவில்லை.

"மற்ற ஆக்கள் மரியாதைக்குச் சொல்லுவினம். நானா உள்ளதை உள்ளபடி சொல்லுற மனிசன்" என்றார்.

அப்பாவுக்கு இதெல்லாம் நல்ல விருந்து. சாப்பாட்டு மேசையில், "கூரையில ஏறி நிண்டு கத்தினாலே மூதூருக்குக் கேக்கும், செலவும் இல்லை" என்பார். சித்தப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு அழுகை வரும். பெட்டியில் பிழை இல்லை என்பது பல்ப்புக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த உண்மை. இருவரையும் ஒருவரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. பெட்டியை மூதூருக்கே கொண்டுபோய்ப் பார்த்துவிடுவது என்று சித்தப்பா முடிவெடுத்தார். கிட்ட நின்று அனுப்பினால் தந்தி மாமாவின் பெட்டியில் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். நன்றாக விழுந்தால் பிழை எங்கள் வீட்டுக் கூரைக் கம்பியில். விழாவிட்டால் பிழை பெட்டிக்குள். இதற்கு இரண்டு பேர் வேண்டும், அங்கே நின்று பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டார். நான் ஒரு முக்கியமான உத்தியோகத்துக்கு நியமிக்கப்பட்டவள்போலக் கவுனுக்கு மேலே இடுப்புப் பட்டி கட்டிக்கொண்டேன்.

கச்சான் காற்று இன்னும் எழும்பாத காலை. குடா எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. லோஞ்சில் தயிர்ச் சட்டிக்காரர்கள் வெறும் சட்டிகளை அடுக்கிக்கொண்டு மூதூருக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு நடுவில், மடியில் பெட்டியும் காலடியில் கார் பற்றரியுமாகச் சித்தப்பா இருந்தார். தயிர்க்காரர் ஒருவர், "என்ன தம்பி, கிராமபோனா?" என்று கேட்டார். சித்தப்பா ஓம் என்றார். விளக்கம் சொல்ல அவருக்குத் தெம்பு இருக்கவில்லை.

தந்தி மாமா இறங்குதுறைக்கே வந்து நின்றார். நெடிய மனிதர், வெள்ளைச் சேட்டு, நரைத்த தாடி. என்னைக் கண்டதும் குனிந்து, "வாங்க மகள்" என்றார். நான் லோஞ்சில் கண்டதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். நான் சொல்லி முடியுமட்டும் அவர் என் வாயைப் பார்த்தபடியே கேட்டார். பெரியவர்கள் பிள்ளைகளின் கதையை அங்கே இங்கே பார்த்துக்கொண்டுதான் கேட்பார்கள். இவர் மட்டும் அப்படியில்லை என்று எனக்கு அவரில் பெரிய விருப்பம் உண்டாயிற்று.

சித்தப்பா இறங்குதுறையிலேயே தங்கினார். மீன்காரர் ஒருவரிடம் வள்ளம் தள்ளுகிற நீட்டுக் கம்பு ஒன்றை இரவல் வாங்கி, அதில் கம்பியைக் கட்டி நட்டார். நான் தந்தி மாமாவோடு அவருடைய வீட்டுக்குப் போனேன். நடந்து போகிற தூரந்தான். முன் அறையில், ஏலத்தில் எடுத்த பெரிய சாம்பல் நிறப் பெட்டி மேசையை நிறைத்துக்கொண்டு இருந்தது. பக்கத்தில் வட்டமான ஒரு ஸ்பீக்கர். பெட்டியின் முகத்தில் கண்ணாடிக்குள் ஓர் ஊசி. வருகிற சத்தத்துக்கு எவ்வளவு பலம் என்று அந்த ஊசி காட்டும் என்று சித்தப்பா எனக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். என் வேலை ஊசியைப் பார்ப்பது.

தந்தி மாமா சுவிட்சைத் திருகிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சத்தத்தைக் கூட்டுகிற குமிழை எல்லையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

திடீரென்று வீடு அதிர்ந்தது.

"நானா! நானா! கேக்குதா? இது நான், இறங்குதுறையில நிக்கிறன்!"

சித்தப்பாவின் குரல்தான். ஆனால் அது சித்தப்பாவின் வாயால் வரக்கூடிய அளவு குரல் அல்ல. அலுமாரிக்குள் பீங்கான்கள் கலகலத்தன. வாசலில் படுத்திருந்த ஆடுகள் எழும்பிக் கட்டி முடியாத வீட்டுக்குள் ஓடின. ஊசி ஒரே துள்ளலில் வலது மூலைக்குப் போய் அங்கே முட்டிக்கொண்டு நின்றது. குசினிக்குள் இருந்து மாமி, தந்தி மாமாவின் மனைவி, மாவுக் கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"அல்லாஹ்வே, இதென்ன சத்தம்! கொஞ்சம் குறைங்களேன்!"

தந்தி மாமா திரும்பவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தார். பிறகு என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

"பார்த்தியா மகள்? நுளம்பு காதடியில பறக்கிற மாதிரி. இவ்வளவு கிட்ட நிண்டும் இவ்வளவுதான்."

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு நின்று பயம் வந்தது. மாமியைப் பார்த்தேன். அவர் காதில் இருந்து கையை எடுத்துவிட்டு, புருசனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் மா ஒட்டியிருந்தது. "எனக்கு நல்லாக் கேக்குது, மாமா" என்றேன். அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை. ஊசி எந்த மூலையில் நிற்கிறது என்று அவருக்கும் தெரியத்தானே வேண்டும்! அவர் கை விரலால் கண்ணாடியை இரண்டு தரம் தட்டினார். ஊசி பழுதாகிவிட்டது என்று அவர் நினைக்க விரும்பியிருக்க வேண்டும். ஊசி அசையவில்லை.

நான் இறங்குதுறைக்கு ஓடினேன்.

"சித்தப்பா, எங்கட பெட்டி நல்லாத்தான் இருக்கு! ஊசி அந்த மூலைக்குப் போயிட்டுது! ஆடெல்லாம் ஓடிப்போச்சு!"

சித்தப்பா மைக்கைக் கீழே வைத்தார். அவருடைய முகம் முழுவதும் விரிந்தது. "நானா என்ன சொன்னார்?"

"நுளம்பு பறக்கிற மாதிரியாம்."

விரிந்த முகம் அப்படியே நின்றது.

"மாமி அங்க நிண்டவவா?"

"ஓம். காதைப் பொத்திக்கொண்டு நிண்டவ. குறைக்கச் சொல்லிக் கத்தினவ."

"நானா அதுக்கு என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லேல்லை. திரும்பிக்கூடப் பாக்கேல்லை."

சித்தப்பா கயிறு கட்டுகிற இரும்புக் குற்றியில் போய் இருந்தார். லோஞ்ச்காரர்கள் தயிர்ச் சட்டிகளை ஏற்றினார்கள், இறக்கினார்கள், சண்டை பிடித்தார்கள். கச்சான் மெல்லத் தொடங்கித் தண்ணீரைச் சுருக்கியது. எங்கள் பெட்டி வென்றுவிட்டது, இவர் ஏன் தோற்றவர்போல இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் எழும்பிக் கம்பியைச் சுருட்டத் தொடங்கினார்.

"பிள்ளை, இப்ப எனக்குச் சொன்னதை வேற ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. வீட்டிலயும்."

"ஏன்?"

"நான் கேக்கிறன். அதுக்காக."

நான் மனமில்லாமல் தலையாட்டினேன்.

மாமி இடியப்பமும் குழம்புக்கு மீன் ஆணமும் தயிரும் வைத்திருந்தார். சாப்பிட இருக்கும் முன் சித்தப்பா தந்தி மாமாவுக்கு நேர் எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு சொல்லையும் வாயைத் திறந்து, ஆறுதலாகச் சொன்னார்.

"நானா, நீங்கள் சொன்னதுதான் சரி. பிழை எங்கட பெட்டியிலதான்."

தந்தி மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பிழை, தம்பி?"

"கட்டின முறையே பிழை. குரலை இழுத்துக்கொண்டு போற பலம் அதுக்கு இல்லை. எனக்கு அவ்வளவுதான் கை வந்தது. தந்தி தட்டுறதெண்டால் குறைஞ்ச பலமும் காணும். நாங்கள் பழையபடி தட்டுவம்."

நான் பொறுக்கமுடியாமல் எழும்பிவிட்டேன். "பொய்! பெட்டியில ஒரு பிழையும் இல்லை! பல்ப் நல்லா எரிஞ்சது!"

தந்தி மாமா என் பக்கம் திரும்பவேயில்லை. அவருடைய கண் சித்தப்பாவின் முகத்திலேயே இருந்தது. என் கதையை அவ்வளவு ஆசையாகக் கேட்ட மனிதர் இப்போது என்னை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் மாமி கேட்டார். என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு என் கோப்பையில் தயிரை அள்ளி அள்ளிப் போட்டார், சீனியும் போட்டார். சாப்பிட்டு முடிக்கவே ஏலாத அளவு.

தந்தி மாமா தாடியைத் தடவிக்கொண்டார்.

"தட்டுவம் தம்பி. எனக்கும் அதுதான் சுகம்" என்றார். சொல்லிவிட்டு மேசைக்கு மேலால் எட்டிச் சித்தப்பாவின் கையைப் பிடித்தார். பிடித்த கையை உடனே விடவில்லை.

திரும்பி வரும்போது நான் லோஞ்சில் சித்தப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அவர் சமாதானம் பேச வரவில்லை. பெட்டியை மடியில் வைத்து, அதன் மேல் தண்ணீர் தெறிக்காமல் சாரத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அன்றைக்கு அப்பாவுக்குத் தீபாவளி. பெட்டி சரியாக வரவில்லை என்று சித்தப்பா தன் வாயாலேயே சொன்னபிறகு அதை மேலும் சொல்லிக்காட்டுவதில் என்ன இருக்கிறது என்று ஒரு நல்ல மனிதர் விட்டிருப்பார். அப்பாவும் நல்ல மனிதர்தான், ஆனால் தம்பி விசயத்தில் அல்ல. பெட்டிக்கு ஊமைப் பெட்டி என்று பெயர் வைத்தார். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் பின்னறையைத் திறந்து அதைக் காட்டினார். சித்தப்பா சிரித்துக்கொண்டு நிற்பார். "எனக்கு அவ்வளவுதான் கை வந்தது, அண்ணை" என்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே! பக்கத்து வீட்டு ஆசிரியை அம்மா மட்டும் சந்தோசமாகப் பக்திப் பாட்டுக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் 'டிக் டிக்' தொடங்கியது. மூதூரில் இருந்து வந்த பதில்கள் கேட்ட கேள்விக்குச் சரியாக இருந்தன. மழை என்றால் மழை, வேலை என்றால் வேலை.

மாரி தொடங்குவதற்கு முன் தந்தி மாமாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. அந்த வீட்டுக்கு ஒருவாறு கூரை ஏறியிருந்தது. அப்பாவும் அம்மாவும் நானும் முதல் நாளே மூதூருக்குப் போனோம். கப்பல் ஒன்று வந்து நின்றதால் சித்தப்பாவுக்கு வேலைத்தளத்தில் விடுமுறை கிடைக்கவில்லை.

கல்யாணக் காலை, வீடு முழுவதும் ஆட்கள். முன் அறையில் மட்டும் கூட்டம் இல்லை. நான் புதுக் கவுனைக் காட்டுவதற்குத் தந்தி மாமாவைத் தேடிக்கொண்டு போனேன். அவர் பெரிய பெட்டிக்கு முன்னால் புதுச் சாரத்தோடு இருந்தார். சித்தப்பா வேலைக்குப் போகும் முன் தட்டியது வந்துகொண்டிருந்தது. மேசை அதிருகிற அளவுக்குச் சத்தம். தந்தி மாமா வலது கையை விரித்து ஸ்பீக்கரின் முகத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டைக்கும் நெட்டைக்கும் அவருடைய விரல்கள் மெல்ல எழும்பி அடங்கின. இடையில் ஓர் இடத்தில் பல் தெரியச் சிரித்தார். சித்தப்பா மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ பகிடி அனுப்பியிருக்க வேண்டும். பிறகு மற்றக் கையால் பதில் தட்டினார்.

"என்ன சொல்லுறார், மாமா?" என்று கேட்டேன். கண் மூடியிருந்ததால் நான் வந்ததே அவருக்குத் தெரியாது. நான் மறுபடியும் கேட்டுப் பார்த்துவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டேன்.

அந்த மனிதருக்கு அப்போது அநேகமாக ஒன்றுமே கேட்பதில்லை. வாயைப் பார்த்துக் கதையையும், கையை வைத்துத் தந்தியையும் வாசித்துக்கொண்டிருந்தார். கந்தோரிலும் தந்திக் கருவியின் மேல் விரலை வைத்தபடிதான் வேலை செய்திருக்கிறார். மேலதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தால் வைத்தியச் சபைக்கு அனுப்பி, அரைகுறைப் பென்சனோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கட்டின வீடும் பேசின கல்யாணமும் அந்தரத்தில் நின்றிருக்கும். சித்தப்பாவுக்கு அது தெரிந்தது இறங்குதுறையில், நான் சொல்லித்தான். அவர் அதை நேரே கேட்கவில்லை, இவரும் நேரே சொல்லவில்லை. நடுவில் ஒரு நல்ல பெட்டி பழியை ஏற்றுக்கொண்டது. இவ்வளவையும் நான் கூட்டிப் பார்த்தது, எனக்கே வெள்ளெழுத்து வந்து கண்ணாடி போட்ட பிறகு.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வேறு. கல்யாண வீட்டில் இருந்து பலகாரப் பெட்டியோடு வந்து இறங்கியதும் நேரே பின்னறைக்குப் போய், சித்தப்பாவிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

"சித்தப்பா, எனக்குப் பிழை எங்கயெண்டு தெரிஞ்சுபோச்சு. தந்தி மாமாவின்ர ஸ்பீக்கர் பழசு. ஆடி விழப் பாக்குது. அவர் பாவம், கையால அமத்திப் பிடிச்சுக்கொண்டுதான் கேக்கிறார். நீங்கள் புதுசு ஒண்டு வாங்கிக் குடுங்கோ."

சித்தப்பா ஏதோ ஒரு கம்பியில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். புகை முகத்தில் அடித்ததோ என்னவோ, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓம் பிள்ளை, வாங்கிக் குடுப்பம்" என்றார்.

அவர் வாங்கிக் கொடுக்கவே இல்லை. அடுத்த மாதம் சம்பளம் எடுத்ததும் கேட்டேன், அதற்கடுத்த மாதமும் கேட்டேன். இவ்வளவு சின்ன உதவியைக்கூடச் செய்யாத மனிதரோடு என்ன கதை என்று, நான் அவரோடு கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தேன்.